சம்மதம் கேட்ட பெட்டி

ஜெனிஸ்டன் உள்ளே வந்தபோது கொறற்றி அக்கா கணினியை ஜெர்மன் மொழியில் ஏசிக்கொண்டிருந்தார்.

ஸ்டுட்கார்ட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்குக் கல்யாணம் பேசுவது அக்காதான். யாருக்கு என்ன வேலை, யாருடைய தாய் வாய்க்காரி, எல்லாம் அந்தக் கணினிக்குள் இருந்தது. எட்டு மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்த கம்சனாவைக்கூட அக்கா இன்னும் கைவிடவில்லை.

அதற்கான கணினி நிரலை எழுதிக் கொடுத்தவன் ஜெனிஸ்டன். கல்யாணம் முடிந்தவர்களை நீக்க ஒரு பொத்தான் வைத்திருந்தான்.

அங்கேதான் வினை. அழுத்தியதும் திரையில் ஒரு பெட்டி எழும்பும். ‘இத்தனை பேரை அழிக்கப் போகிறேன், சம்மதமா?’

“கோயில்ல கல்யாணம் கட்டிவைக்கிற சுவாமியாரே ஒருக்காத்தான் சம்மதமோ எண்டு கேக்கிறார். இது ஒவ்வொரு முறையும் கேக்குது தம்பி. இதின்ர வாயை மூடு.”

அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று கேட்காமல் நித்திரை கொள்ளாத அக்காவுக்கு, தன்னை யாராவது கேட்டால் மட்டும் பொறுக்காது.

வேறு நாளென்றால் ஜெனிஸ்டன் ஏதாவது சாட்டுச் சொல்லி நழுவியிருப்பான். இன்று அவனே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவனுடைய பெயரும் உள்ளே கிடந்தது. தாய் கொடுத்தது. நாளைக்கு அது டோர்ட்மண்டில் ஒரு பெண் வீட்டுக்குப் போகிறது. போனால், தாய் பிடித்த பிடியை விடமாட்டார்.

கேள்வியை நிறுத்த ஒரு வரி போதும். அவன் அதைவிடக் கொஞ்சம் கூடவே தட்டினான். அக்கா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இந்த மாதம் இரண்டு கல்யாணம். நாலு பேர் போக வேண்டும்.

அக்கா தேநீரும் ஒரு தட்டில் றோல்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

பெட்டி எழும்பவில்லை. எத்தனை பேர் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஜெனிஸ்டனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிஞ்சியிருந்தவர்களை மேலிருந்து உருட்டினார். ‘க’வில் கம்சனாவைத் தேடிக் கொஞ்சம் நின்றார். ‘ஜ’வில் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பி அவனைப் பார்த்தார்.

அவன் கடித்த றோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

எல்லாரிடமும் எல்லாம் கேட்கும் அக்கா, தேநீரை அவன் பக்கம் தள்ளினார்.

“பெட்டியும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. கம்சனாவின்ர அம்மாவுக்கு நான் சொல்லுறன். உன்ர அம்மாவுக்கு நீ சொல்லு.”