வெறுங்கையால் தொடக் கூடாது

"அவ மேல கை வெக்காதீங்க!"

ஆதிமூலம் போட்ட சத்தத்தில், விருந்தாளி நீட்டிய கை அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அவர் மனைவி வேதா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. கை வேர்வை பட்டா பளிங்குல கறை ஏறிடும். இந்தாங்க, இதப் போட்டுக்குங்க" என்று வெள்ளைக் கையுறையை நீட்டினார் ஆதிமூலம்.

அவள் பளிங்குப் பெண். கூந்தலை அள்ளி முடிந்து, இமை தாழ்த்தி, யாரையும் சட்டை பண்ணாத அழகோடு இருந்த மார்பளவுச் சிலை. பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்து இத்தாலிக்காரன் ஒருவன் இருநூறு வருஷங்களுக்கு முன் செதுக்கியது. சென்னையில் ஒரு பங்களாவை இடித்தபோது ஏலத்துக்கு வந்தவளை, கீழ்பென்னாத்தூரில் தன் பங்குக்கு வந்த நிலத்தை, நல்ல மல்லாட்டைக் கொல்லையை விற்று வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். திருவண்ணாமலையில் வரலாற்று வாத்தியாராக இருந்தவர் வேறு எதை வாங்குவார்?

வந்திருந்த இனியனும் சென்னையில் சிலை சேகரிப்பவன்தான். தனியார் வீடுகளில் இருக்கும் சிலைகளை ஒன்றுசேர்த்துக் கண்காட்சி வைக்கப் போகிறான். 'ஆதிமூலம் சேகரிப்பு' என்று பலகை வைப்பதாகப் போனிலேயே சொல்லியிருந்தான்.

"பழைய கிரேக்க பாணியில செஞ்ச இந்த நியோகிளாசிக்கல் சிலைக்குத்தான் சார் இப்போ கிராக்கி. மாடர்ன் ஆர்ட்ட மாட்டி வெச்சிட்டு, வர்றவங்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்லியே பணக்காரங்க ஓஞ்சு போயிட்டாங்க. இது அப்படியா? ஒரு முகம். பாத்ததும் மனசு அடங்குது. ஒண்ணு கெடைக்காதான்னு அலையுறாங்க."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி. உள்ள கேக்கட்டும்."

இன்றைக்கு அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். 'நீங்கள் செய்ததே சரி' என்று வேதா ஒப்புக்கொள்ள வேண்டும். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்பதுபோல இத்தனை வருஷமாக இருக்கிறாளே, அந்த வீம்பு உடைய வேண்டும்.

மகள் ஓவியா பள்ளிக்கூடத்தில் படித்தபோது இதயத்தில் ஓட்டை என்றார்கள். உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். சிலையை விற்றுவிடுங்கள் என்று வேதா காலில் விழுந்து அழுதாள். கல்லில் நார் உரிக்க முடியுமா? அவர் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்கு நடந்தே கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது, ஏதோ ஒரு டிரஸ்ட் பணம் கட்டிவிட்டது என்றாள் வேதா. எந்த டிரஸ்ட் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் நன்றி சொல்லப் போக வேண்டியிருக்குமே!

அந்தக் கதையை இனியனிடம் பெருமையாகவே சொன்னார். "பதறிப் போய் வித்திருந்தா இன்னைக்கு வாயில வயித்துல அடிச்சிட்டு இருப்பேன். ஐயப்பன் வழிவிட்டான். சிலையும் தங்குச்சு, பொண்ணும் தங்குனா."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கையின் பொன்குஞ்சு பளிங்கில் இருந்தது.

"ரொம்ப பத்திரமாத்தான் வெச்சிருக்கீங்க சார்" என்று இனியன் சிலை இருந்த கண்ணாடிப் பெட்டியின் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தான்.

"நான் வெச்சிருக்கேன். வீட்ல இருக்கிறதுங்களுக்கு அருமை தெரியணுமே! பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தப்போ, ஓவியா ஒருத்தியே இவளத் தூக்கிட்டுப் போயி கட்டில் மேல வெச்சிருக்கா. வெறுங்கையோட!"

"ஒருத்தியேவா தூக்குனாங்க?"

"அதத்தானே சொல்றேன், உறைகூட போடாம! பொங்கல் முடியிற வரைக்கும் அவகிட்ட நான் மொகம் குடுத்துப் பேசல."

இனியன் கையுறையைக் கழற்றிவிட்டு, விரல் நகத்தால் சிலையின் தோளைத் தட்டிப் பார்த்தான். ஆதிமூலம் பதறி எழுவதற்குள், சிலையை லேசாகச் சாய்த்து அடிப்பக்கம் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினான்.

"சார், இது பளிங்கு இல்ல."

"என்னது?"

"பளிங்குத் தூள பிசின்ல கொழச்சு அச்சுல ஊத்தியிருக்காங்க. அடியில அச்சு சேந்த கோடு தெரியுது பாருங்க. ஒரிஜினல் மேலதான் அச்சு எடுத்திருக்கணும். அச்சு அசலா இருக்கு."

ஆதிமூலம் இத்தனை காலத்தில் முதல்முறையாக வெறுங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டார். பளிங்கின் குளிர்ச்சி அதில் இல்லை.

"எவனோ மாத்திட்டான்! போலீசுக்குப் போன் போடுங்க தம்பி!"

வேதா காபியோடு வந்தாள். விருந்தாளியின் முன்னால் நிதானமாக டம்ளரை வைத்தாள்.

"போலீஸ் எதுக்கு? நான்தான் மாத்துனேன். நீங்க மலைக்கு நடந்துக்கிட்டு இருந்தப்போ. ஆசிரமத்துப் பக்கம் சிலை செய்யிற வெள்ளைக்காரரு ஒருத்தரு தங்கியிருந்தாரு. அவரு அத எடுத்துக்கிட்டுக் குடுத்த பணந்தான் நான் சொன்ன டிரஸ்ட்டு. உங்க கண்ணுக்கு இதயும் செஞ்சு குடுத்தாரு."

"அடிப்பாவி!" ஆதிமூலத்துக்குப் பொங்கி வந்த அழுகையை அடக்கவே முடியவில்லை. "என் ஒரிஜினல்... அவ இப்ப எங்கடி இருக்கா?"

"காலேஜுக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துடுவா."