பொதுவான ஆள்

"பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா பாக்கிண்ணே. இன்னிக்கு, நாளைக்குன்னு ஒரு மாசமா இழுக்கிறாரு," என்றார் அழகிரி.

"தருவேன். ஓடுற வண்டிக்குத் தருவேன். வெந்நீர் போடுற அடுப்புக்குத் தர மாட்டேன்," என்றான் ஜெயக்குமார்.

அம்மா மண்டபம் ரோட்டில் தன் பட்டறை வாசலில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அழகிரி உறையூரில் மாவு மில் வைத்திருப்பவர். காரை விற்றவர். ஜெயக்குமார் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவன். காரை வாங்கியவன். சண்டை போட்டு அலுத்துப்போய், பொதுவான ஆள் ஒருவர் சொல்லட்டும் என்று வந்திருந்தார்கள்.

"பொய் சொல்லாத மெக்கானிக் யாருன்னு விசாரிச்சோம். உங்க பேரத்தான் சொன்னாங்க," என்றார் அழகிரி. "கோளாறு நான் விக்கும்போதே இருந்துச்சா, இவரு ஓட்டிக் கெடுத்தாரா? நீங்க சொல்றதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுறோம். திங்கக்கிழமைக்குள்ள பொண்ணுக்கு நர்சிங் காலேஜ்ல பணம் கட்டணும்ணே. இல்லேன்னா சீட்டு போயிடும்."

சின்னையன் வெளியே வந்து காரைப் பார்த்தார். வெள்ளைக் கார். இருபது வயது இருக்கும். நம்பர் பலகையைப் பார்த்தார்.

"வேற யார்கிட்டயாவது காட்டுங்களேன். எனக்கு வேலை கிடக்கு."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படிண்ணே?"

சின்னையன் மூன்று டீ சொன்னார். பிறகு கிரில்லுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு கம்பியை இழுத்தார். பானெட் திறந்துகொண்டது.

"என்ன பண்ணுது?"

"கீரனூர் தாண்டுறதில்ல. சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிடுது. இறங்கிப் பார்த்தா தண்ணி பூரா கொதிச்சு வெளிய வந்திருக்கு. மாமியார் வீடு புதுக்கோட்டை. போன தடவை நாலு பாட்டில் தண்ணி ஊத்தி ஊத்திப் போய்ச் சேர்ந்தேன். 'ஏன் மாப்ள, இன்னிக்கு பஸ் ஓடலையா'ன்னு கேக்கிறாரு மாமனாரு."

"என்கிட்ட ஒரு வருஷம் இருந்துச்சு. ஒரு நாள் கொதிச்சதில்ல," என்றார் அழகிரி.

"எங்கெல்லாம் ஓட்டுனீங்க?" என்று கேட்டார் சின்னையன்.

"மில்லுலேர்ந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு. மாவு மூட்டை போடத்தான்."

"அந்தத் தூரத்துக்கு எஞ்சினுக்கு வேர்க்கக்கூட வேர்க்காது," என்றான் ஜெயக்குமார்.

எஞ்சின் ஆறித்தான் இருந்தது. சின்னையன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழி வரவில்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. "எஞ்சின் உள்ள ஒண்ணும் போகல," என்றார். ரப்பர் குழாய்களைத் தடவினார். ஈரம் இல்லை. ஃபேன் சுற்றியது. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரைத் தொட்டார். மேலே கை வைக்க முடியவில்லை. கீழே சூடே இல்லை.

"அடைப்பு. தண்ணி கீழ இறங்கல."

ஆறும்வரை காத்திருந்தார்கள். டீ தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது. அடிக் குழாயைக் கழற்றியதும் சட்டியில் மஞ்சளாகச் சேறு விழுந்தது. ஜெயக்குமார் விரலில் தொட்டு மோந்து பார்த்தான்.

"அண்ணே, இது மஞ்சத்தூள்!"

"ஆமா. ரேடியேட்டர்ல பொத்தல் விழுந்தா இதைக் கொட்டி அடைப்பாங்க. ஒழுகல் நிக்கும். நாளாவட்டத்துல உள்ள இருக்கிற சந்தெல்லாம் அடைச்சுக்கும்."

ஜெயக்குமார் அழகிரியின் பக்கம் திரும்பினான். "மாவு மில்லுல மஞ்சளும் அரைப்பீங்கல்ல?"

அழகிரி கை இரண்டையும் விரித்தார். "அரைக்கிறது உண்டு. வண்டிக்கு அரைச்சதில்ல. சமயபுரத்தா மேல சத்தியம். நானே ஒரு புரோக்கர்கிட்டதான் வாங்கினேன். அவன் இப்ப துபாய்ல இருக்கான்."

"அப்ப நான் துபாய் போய்க் கேக்கவா?"

"இவர் போடல," என்றார் சின்னையன்.

"எப்படிண்ணே அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"உள்ள பாறையா இறுகியிருக்கு பாருங்க. இவர் கைக்கு வர்றதுக்கு முந்தியே போட்டது. நீங்களும் கெடுக்கல."

"அப்ப நஷ்டம் யாருக்கு?"

சின்னையன் உள்ளே போனார். வேறொரு வண்டிக்கு வாங்கி வைத்திருந்த புது ரேடியேட்டரைப் பெட்டியோடு தூக்கி வந்தார்.

"இதை மாட்டித் தரேன். எனக்குப் பணம் வேணாம். நீங்க அவர் பாக்கியைக் குடுத்துடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மாவாண்ணே?"

"பொண்ணு படிப்புன்னாருல்ல," என்றார் சின்னையன், நிமிராமல்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. ஜெயக்குமார் பெரம்பலூர் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் விரட்டிவிட்டு வந்தான். முள் பாதியைத் தாண்டவில்லை. பட்டறை வாசலிலேயே நின்று போனில் பணத்தை அனுப்பினான். அழகிரியின் போன் பதினெட்டாயிரத்து ஐந்நூறு வந்துவிட்டதாக உரக்கச் சொன்னது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு இருக்குண்ணே. நாளைக்கே வீட்டுக்கு மிளகாத்தூள் அரைச்சுக் கொண்டாறேன். மஞ்சத்தூளும் கொண்டாரவா?"

"வேணாம்," என்றார் சின்னையன்.

கார் கிளம்பிப் போனது. எதிரே சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அவர் மனைவி வீரம்மாள் ஓரமாக ஒதுங்கி நின்று, அது திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, முன்னாடி கிரில்லுல நீங்க கட்டிவிட்ட கம்பி இன்னும் அப்படியே இருக்கே!" என்றாள். "வீட்டு மஞ்சத்தூள் டப்பாவை ரேடியேட்டர்ல கவுத்துட்டு, அந்தத் துபாய் புரோக்கர் தலையில கட்டினீங்களே, அந்த வண்டிதானே? ஒரு வாரம் குழம்பை வெள்ளையா வச்சேனே."