ஓரத்துச் சிப்பாய்

சதுரங்கத்தில் காய்களின் பெயர்தான் எனக்குத் தெரியும். எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

போட்டியின் முதல் ஆட்டத்தில் கறுப்பு ராணி ஒன்பதாவது நகர்த்தலிலேயே வெட்டுப்பட்டாள். மறுநாள் அதே வெள்ளைக் காய்களோடு இன்னொரு ஆட்டம். அதிலும் தோற்றால் கறுப்புக் காய்கள் போட்டியை விட்டே வெளியேற வேண்டும். அதனால் ராணி குதிரையைக் கூப்பிட்டு, தோற்ற ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்திப் பார்த்தாள்.

"ஆறாவது நகர்த்தலில் நீ ஏன் வெளியே வரவில்லை?" என்று கேட்டாள்.

"வரத்தான் இருந்தேன், ராணியம்மா. அதற்குள் நீங்கள் அந்த ஓரத்துச் சிப்பாயை வெட்டக் கிளம்பிவிட்டீர்கள்."

"காவலே இல்லாமல் நின்றானே."

"நின்றான். வெட்டிய பிறகு உங்களுக்குத் திரும்பி வர வழியில்லாமல் போயிற்று."

ராணி யானையை மாற்றி வைத்துப் பார்த்தாள். மந்திரியை மாற்றினாள், ராஜாவைக்கூட ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். ஒவ்வொரு முறையும் அவள்தான் மாட்டினாள்.

"இனி அவனைத் திரும்பியும் பார்க்கமாட்டேன்" என்றாள்.

"போன போட்டியிலும் இதைத்தான் சொன்னீர்கள்" என்றது குதிரை.

மறுநாளும் வெள்ளை அதே ஆரம்பத்தை ஆடியது. ஐந்து நகர்த்தல் முடிந்தபோது அதே சிப்பாய் காவலில்லாமல் நின்றான். ராணிக்குக் கால் துறுதுறுத்தது.

"இன்றைக்கு வெட்டிவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறதே" என்றாள்.

ராணி யோசித்தாள். பிறகு, "நீ வந்து என் வழியில் நில். நான் அதட்டினாலும் நகராதே" என்று சொல்லி, குதிரையைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.