ஓரடி இடம்

நாட்டியம் பயிலும் பூரணியின் பைக்குள் ஒரு செல்போனும் ஒரு சலங்கையும் குடியிருந்தன. செல்போனுக்கு ஒரு வாரமாக மூச்சுவிட நேரமில்லை.

“கறுப்பாக இருக்கிறாள் என்று வகுப்பில் செல்வமதியைப் பின்வரிசைக்குத் தள்ளினார்களே, அதை அவள் இணையத்தில் எழுதினாலும் எழுதினாள், நாட்டிய உலகமே கொதிக்கிறது. ‘உன்னைத் தனியாக விடமாட்டோம்’ என்று உன் வகுப்பு மொத்தமும் எழுதியிருக்கிறது. நம் பூரணியும்தான்!”

சலங்கைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“அப்படியா? அவள் வராமல் போன மறுநாளே ஆளுக்கு ஓரடி நகர்ந்து அவள் இடத்தை அடைத்துவிட்டார்களே! பூரணியும்தான் நகர்ந்தாள். நான் அவள் காலில்தானே இருந்தேன்?”

 செல்போன் மெதுவாகச் சொன்னது: “ஆனால் பூரணி பொய்யாக எழுதவில்லையடி. எழுதும்போது அவள் விரல் நடுங்கியது. எனக்குத் தெரியும்.”

வெள்ளிக்கிழமை வகுப்பு நடக்கும்போது வாசலில் செல்வமதி வந்து நின்றாள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, அடுத்ததைக் கழற்றாமல் தயங்கினாள். டீச்சர் நிமிரவில்லை, அவர் கையிலிருந்த தட்டுக்கழி தாளத்தை விடவில்லை. வரிசையில் ஒருத்தியும் திரும்பவில்லை.

பூரணியின் கணுக்கால் நடுங்குவது சலங்கைக்குத் தெரிந்தது. ‘இந்த நடுக்கத்தைத்தான் அந்தச் செல்போன் சொன்னதோ?’ என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பூரணி ஓரடி விலகித் தன் பழைய இடத்தில் நின்றாள்.

ஜல்!

தட்டுக்கழி நின்றது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் இரண்டாவது செருப்பும் கழன்றது.