யாரும் எழவில்லை

"நல்ல தலைவன் யாராவது சொல்லட்டும்னு காத்திருக்க மாட்டான். தானா எழுந்து செய்வான்!"

பாஸ்டர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தபோதே மைக் 'கீய்ங்' என்று காதைப் பிளந்தது.

சபையின் குழுத் தலைவர்கள் பன்னிரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆம்ப்ளிஃபயர் கடைசி வரிசைக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒருவரும் அசையவில்லை.

"மூணு மாசமாப் படிச்சுப் படிச்சுச் சொல்றேனே, ஒருத்தருக்காவது அந்தச் சத்தத்தைக் குறைக்கணும்னு தோணுதா?"

வாலிபர் குழுத் தலைவர் பாதி எழுந்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"உங்களோட மாரடிக்கிறதே என் பொழப்பாப் போச்சு! எல்லாத்துக்கும் நானே ஓடி வரணும்!"

பாஸ்டர் தடதடவென்று இறங்கி வந்து ஆம்ப்ளிஃபயர் மேல் குனிந்தார். குமிழுக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

'பாஸ்டரைக் கேட்காமல் யாரும் இதைத் தொடக் கூடாது.' கீழே அவருடைய கையெழுத்து.

சத்தத்தைக் குறைத்துவிட்டு நிமிர்ந்தார். ஃபேன் சுவிட்சில் அதே தாள். பியானோவில் அதே தாள். அலமாரியிலும் அதே தாள்.

பாடகர் குழுத் தலைவி மெல்லக் கை தூக்கினார்.

"பாஸ்டர், அதையெல்லாம் கிழிச்சிடலாமா? நீங்க சரின்னு சொன்னா, நானே கிழிச்சிடறேன்."