அய்யாக்குட்டி தேய்க்காத கால்

"இந்தக் காலை நான் தேய்க்க மாட்டேன் அண்ணாச்சி. எந்திரிங்க."

பாதத்தைத் தொட்டுப் பார்த்த கையோடு எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார் அய்யாக்குட்டி. இருபது வருஷமாகக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்.

பெஞ்சில் படுத்திருந்த இசக்கியப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். நூறு அடி நடந்தால் வலது கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது. நன்றாகத் தேய்த்து அருவியில் நின்றால் சரியாகிவிடும் என்று சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏலே, என்னல சொல்லுத? என் கால்ல என்ன சொறியா, சிரங்கா?"

"அதில்ல அண்ணாச்சி. மொதல்ல டாக்டரை..."

"வாயை மூடுல!"

காத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் காலையே பார்த்தார்கள். சம்பந்திகூட ஓர் அடி தள்ளி நின்றார். முப்பது வருஷம் காக்கிச்சட்டை போட்ட மனுஷனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தார். 'எண்ணெய் தேய்க்கும் அய்யாக்குட்டி சுற்றுலாப் பயணிகளிடம் ரவுடித்தனம்.' பெயர் போடாமல் பேரூராட்சி ஆபீசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசன். பொண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

பத்தாம் நாள் கால் பெருவிரல் கறுத்தது. மனைவி ஆனந்தவள்ளி பிடிவாதமாகத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் ரத்தக்குழாயில் அடைப்பு. தொடை இடுக்கு வழியாக உள்ளே போய் ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாளே கால் கதகதவென்று ஆகிவிட்டது.

"இந்தக் காலுக்குச் சூடா எண்ணெய் போட்டு யாரும் அழுத்தித் தேய்க்கலையே?" என்று கேட்டார் டாக்டர் பெர்சிஸ்.

"இல்லம்மா. குற்றாலத்துல ஒருத்தன் தேய்க்க மாட்டேன்னுட்டான்" என்றார் இசக்கியப்பன்.

"சில்லுன்னு இருந்ததை வச்சே கண்டுபிடிச்சிருக்காரு. ரத்தம் ஓடாத கால். தேய்ச்சிருந்தா வெந்து புண்ணாகி, காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

ஆனந்தவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் ஆனதும் பழமும் வேட்டியுமாக நேரே குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தாள். 'அப்புறம் பார்ப்போம்' என்று இசக்கியப்பன் எவ்வளவோ தட்டிக் கழித்தும் நடக்கவில்லை.

அங்கே பெஞ்சைக் காணோம். பக்கத்துச் சிப்ஸ் கடை மாரித்தாய்தான் சொன்னாள்.

"எவனோ மொட்டைப் பெட்டிசன் போட்டுட்டான்க்கா. சீசன் நேரத்துல விரட்டிட்டாவ. பாவம், இப்ப புளியங்குடியில எலுமிச்சம்பழ மூடை தூக்குதாரு."

ஆனந்தவள்ளி கொதித்துப்போனாள்.

"ஒரு நல்ல மனுசன் வயித்துல அடிச்சிருக்கானே, அவன் வெளங்குவானா? என்னங்க, நீங்க போலீஸ்ல இருந்தவுகதான? அந்தப் பாவி யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க!"