மூன்று நாள் விரதம்

மூன்று நாளாக தர்மராஜ் சோற்றைத் தொடவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து வாலிகண்டபுரம் கோயில் வரை நடந்துவிட்டு வந்தார். வழியில் யார் டீ குடிக்க அழைத்தாலும் கும்பிட்டு விலகினார்.

எதிர்வீட்டு வீராயிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அண்ணன் மலைக்கு மாலை போட்டிருக்கிறாரா என்று அவர் மனைவி சசிகலாவிடம் கேட்டாள்.

"மாலையும் இல்ல, மலையும் இல்ல. வெள்ளிக்கிழம சுகர் டெஸ்ட்டு."

போன தடவை முந்நூறைத் தாண்டியிருந்தது. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் மாத்திரை போதாது, தினமும் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எறையூர் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டும் தர்மராஜுக்கு எந்த மேடு பள்ளமும் பயமில்லை. ஊசி என்றால் மட்டும் பயம்.

அதனால்தான் கீரை, பாகற்காய், வேளை தவறாமல் மாத்திரை. ஆலை வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கையில் தினமும் உள்ளே போகும் பரோட்டாவுக்கும் இந்த மூன்று நாள் லீவு.

வெள்ளிக்கிழமை காலை பெரம்பலூர் கிளினிக்கில் நர்ஸ் பூவிழி விரலில் குத்தினாள். தர்மராஜ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நூத்திப் பதினெட்டு" என்றாள்.

கண்ணைத் திறந்தார். அடுத்து அவள் முழங்கை மடிப்பில் குத்தி ஒரு சின்னக் குழாய் நிறைய ரத்தம் எடுத்தாள். ஜெயித்த மனிதர் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை.

டாக்டர் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். எதிர் ஹோட்டலில் பொங்கல், வடை, அதன்மேல் இரண்டு ஜாங்கிரி உள்ளே போயின. சசிகலா முறைத்தாள்.

"அதான் பாஸாயிட்டோம்ல. நாக்கு செத்துக் கெடந்துச்சு. இனி அடுத்த டெஸ்ட்டுக்கு மூணு நாளைக்கு முன்னாடி பாத்துக்கலாம்."

திரும்பி வந்தபோது டாக்டர் தென்றல் இரண்டு சீட்டுகளை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்மராஜ் முந்திக்கொண்டு நூற்றுப் பதினெட்டைச் சொன்னார்.

"அது இன்னைக்குக் காலைல உள்ள சுகருங்க. மூணு மாசமா எப்படி இருந்துச்சுன்னு இந்தக் குழாய் ரத்தம் சொல்லிடும்."

டாக்டர் இரண்டாவது சீட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அதில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"ஊசிய வயித்துல போட்டுக்கிறீங்களா, தொடையிலயா?"